மெம்பரின் ஆட்சேபம்

கமிட்டியில் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கமிட்டியில் படுத்தவர் என்று எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் கொடைக்கானலில் யாருக்கும் தெரியாது. அவருக்கே மறந்து போயிருக்கலாம். ஏரிக்கரையிலிருந்து காய்கறி மார்க்கெட் வரை எல்லோருக்கும் அவர் மெம்பர்.

பஞ்சாயத்து மெம்பர் இல்லை, கட்சி மெம்பரும் இல்லை. எழுபதுகளின் கடைசியில், பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசல்களிலும் குளிரில் சுருண்டு கிடப்பவர்களுக்காக ராத்தங்கல் கொட்டகை ஒன்று நடத்த, ஊரில் நாலைந்து பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டார்கள். தலைவி ஒரு ரிட்டையரான தலைமையாசிரியை. ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்று சொல்லும்.

"வாசல்ல படுத்தவங்களுக்கு என்ன வேணும்னு மெத்தையில படுக்கிற நாம எப்படிச் சொல்றது? அப்படிப் படுத்தவர் ஒருத்தர் நம்ம கூட உக்காரணும்" என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தார். சரி, மூலையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகட்டுமே என்று மற்றவர்களும் தலையாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் நிம்மதியாக டீ குடித்ததே இல்லை.

மெம்பர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டு, கப்பலேற்றி இந்தப் பக்கம் இறக்கிவிட்ட கூட்டத்தில் ஒருவர். தருவதாகச் சொன்ன வேலை சொன்ன ஊரில் இல்லை. மலையென்றால் பழகிய மலைதானே என்று பழனி மலை ஏறி வந்து, நாலு குளிர்காலம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறார். பிறகு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை, ஓர் ஒற்றை அறை என்று கொஞ்சம் தலை நிமிர்ந்தது. அந்த அறையை அவர் காம்பரா என்பார். டீயைத் தேத்தண்ணி என்பார். யாரோ டூரிஸ்ட் சீமாட்டி விட்டுப்போன, தேங்காய்ச் சில்லு மாதிரி பித்தான் வைத்த வெள்ளைக் கோட்டை வெயில் காலத்திலும் கழற்றமாட்டார். எங்கே போனாலும் ஒரு சாக்கு மூட்டையும் கூடவே போகும். கமிட்டிக் கூட்டத்தில் அந்த மூட்டைக்குத் தனி நாற்காலி.

நான் அவரை முதலில் பார்த்தது இண்டர்வியூவில். திண்டுக்கல்லிலிருந்து வார்டன் வேலை கேட்டு மலையேறியிருந்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் விக்கல் வரும். பஸ் ஒவ்வொரு வளைவாகத் திரும்ப ஆரம்பித்த விக்கல், பெரிய டீச்சரையும் செயலாளர் டாக்டரையும் நேரில் பார்த்ததும் தாளம் போட ஆரம்பித்தது. நடுவில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தவரை ஏதோ எஸ்டேட் ஜமீன் என்று நினைத்து ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டேன்.

டாக்டர் படிப்பைக் கேட்டார். டீச்சர் பொறுமையைப் பற்றிக் கேட்டார். கோட்டுக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு எங்கங்க?"

"வெளிய... ஹிக்... விட்டிருக்கேன் சார்."

"இந்நேரம் அங்கன இருக்குமா?"

அது என் மச்சானுடைய புதுச் செருப்பு. அவனுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு வந்தது. மேற்கொண்டு யோசிக்கவில்லை, எழுந்து ஓடினேன். நல்ல வேளை, இருந்தது. இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி வந்து நின்றபோது டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இவரையே போட்ருங்க" என்றார் மெம்பர்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேலை கிடைத்தவன் எவன் காரணம் கேட்பான்?

வார்டன் வேலையோடு கூட்டக் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. கமிட்டியில் மெம்பருக்குப் பிடித்த வார்த்தை "ஆட்சேபம்". கஞ்சியா ரொட்டியா என்றால் ஆட்சேபம். போர்வை பச்சையா சிவப்பா என்றால் ஆட்சேபம். நன்றியுரைக்கே ஒருமுறை ஆட்சேபம் சொன்னார். தலையணைக்குச் சொன்ன ஆட்சேபம் அரை மணி நேரம் ஓடியது. வாசலில் ஒரு கண்ணாடி மாட்டணும் என்று அவர் சொன்னபோது டாக்டர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க தொரை. காலையில மூஞ்சியப் பாக்காம வேலை கேட்டுப் போனா எவன் குடுப்பான்?"

கண்ணாடி மாட்டினோம்.

கட்டில் வாங்குகிற விஷயத்தில்தான் அவர் படுத்தது. மாதிரிக்கு வந்த இரும்புக் கட்டிலைக் கூட்ட அறைக்குள்ளேயே போடச் சொல்லி, மூட்டையைத் தலைக்கு வைத்து, "பேசிக்கிட்டிருங்க, பாத்துச் சொல்றேன்" என்று சாய்ந்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை. எழுப்பலாமா என்று டாக்டர் கேட்க, "அபிப்பிராயம் சொல்லிட்டுதானே இருக்கார், கேக்கலையா?" என்றார் பெரிய டீச்சர். கட்டில் ஏகமனதாக நிறைவேறியது.

இவ்வளவும் செய்து கொட்டகையைத் திறந்தால், ஒருவரும் வரவில்லை. முதல் வாரம் ஒரு நாய் வந்தது. அதுவும் பூண்டு வாசனை தாங்காமல் போய்விட்டது. காரணம், அந்தக் கொட்டகை வில்பட்டி ரோட்டில் ஒரு பூண்டு முதலாளி காலியாகக் கிடக்கிறதே என்று இனாமாக விட்டுக்கொடுத்த சரக்குக் கிட்டங்கி. ஊரில் உறைபனி விழுந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒண்டிக் கிடந்தார்கள். இங்கே கட்டில்கள் ராணுவ அணிவகுப்பு மாதிரி காலியாக நின்றன. நான் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கெஞ்சுவேன். "பாப்போம் தம்பி" என்பார்கள். பார்த்ததே இல்லை.

ஒருநாள் முதலாளியிடமிருந்து சேதி வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் வந்து பாப்பேன். ஆளு கெடந்தா சரி. இல்லைன்னா பூண்டு வந்து படுத்துக்கிரும்."

எனக்கு விக்கல் ஆரம்பித்தது. விக்கலோடு யோசிக்கிறவனுக்கு நல்ல யோசனை எப்படி வரும்? ஏரியில் படகு தள்ளும் சிநேகிதர்களிடம் ஓடினேன். பரோட்டாவும் சால்னாவும் என் பொறுப்பு, சாயங்காலம் ஒரு மணி நேரம் போர்த்திப் படுத்தால் போதும் என்றேன். தாராளமாக வந்தார்கள். வரும் வழியில் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த ஓரிருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரையும் படுக்கவைத்துத் தலையோடு போர்த்திவிட்டேன். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. எனக்கே இரக்கமாகிவிட்டது.

முதலாளி வந்தார். கூடவே டீச்சரும் டாக்டரும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவேற்க ஓடினேன். முதலாளி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசிக் கட்டிலில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்து நின்றார். மெதுவாகப் போர்வையைத் தூக்கினார். உள்ளே அவருடைய ஜீப் டிரைவர்.

"ஏலே, நீ எப்படா வீடில்லாமப் போன?"

"இப்பத்தான் மொதலாளி" என்றான் அவன். பிறகு என்னைக் கை காட்டி, "பரோட்டா உண்டுன்னாக" என்றான்.

என் விக்கல் கிட்டங்கி முழுக்க எதிரொலித்தது. மற்ற போர்வைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வாசலைப் பார்த்து ஓடின. நானும் ஓடினேன். துரத்தவா, தப்பிக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. வாசலில் செருப்பைக் காணோம். ஓடியவர்களில் யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜில்லென்ற மண்ணில் வெறுங்காலோடு கேட் வரை போனேன்.

கேட்டுக்கு வெளியே பனிமூட்டத்தில் மெம்பர் நின்றார். அவருக்குப் பின்னால், நான் தினமும் கெஞ்சிய பஸ் ஸ்டாண்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு மூட்டை. கமிட்டி மொத்தமும் கூடுகிற நாள் என்று அவரே கூட்டி வந்திருக்கிறார். ஆனால் ஒருவரும் கேட்டைத் தாண்டவில்லை.

மெம்பர் என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கங்க?"

"போயிருச்சு மெம்பர்."

"நம்பித்தானே வெளிய விட்டீங்க."

இத்தனை நாள் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "இவங்க ஏன் உள்ள வரமாட்டேங்கறாங்க?"

அவர் மோவாயால் கேட்டைக் காட்டினார். அங்கே டாக்டர் எழுதி நான் ஆணியடித்த பலகை தொங்கியது. 'மூட்டை முடிச்சுகளை வெளி அறையில் வைத்துவிட்டு உள்ளே வரவும்.' பூச்சி வரும் என்பது டாக்டரின் பயம். வெளி அறைக்குப் பூட்டு கிடையாது.

"இதுக்குத்தான் நீங்க வந்த மொதக் கூட்டத்துலயே ஆட்சேபம்னேன். எழுதிக்கிட்டீங்க. ஏன்னு ஒருத்தர் கேக்கலையே."

அவர் தன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"கீழ ஒரு சத்திரத்துல இப்படித்தான் மூட்டைய வாங்கி வெளிய வச்சாங்க. வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா இல்ல. அதுல எஞ் சம்சாரத்தோட கம்பளி இருந்துச்சு. கப்பல்ல அவ போத்திக்கிட்டு வந்தது. அவதான் இல்ல, அதாவது இருக்கட்டும்னு வச்சிருந்தேன்." என் வெறுங்காலைப் பார்த்தார். "செருப்புக்கு அந்த ஓட்டம் ஓடுனவருக்கு இது தன்னால வெளங்கும்னு நெனச்சுத்தான் உங்களப் போடச் சொன்னேன். இம்புட்டு நாளாகும்னு நெனைக்கல."

விக்கல் நின்றுவிட்டது. பலகையைப் பிடித்து இழுத்தேன். ஆணியை நான் நன்றாக அடித்திருந்தேன் போலிருக்கிறது. மூன்றாவது இழுப்பில் பலகையோடு தரையில் உட்கார்ந்தேன்.

"என்னப்பா பண்ற? பூச்சி வந்தா யாரு பாக்குறது?" என்று டாக்டர் ஓடி வந்தார்.

"பூச்சி வந்தா வெயில்ல காயப் போடலாங்க" என்றார் மெம்பர். "போன மூட்டைய எந்த வெயில்ல போட்டு எடுக்கிறது?"

டாக்டருக்குப் பின்னாலேயே மற்ற இருவரும் கேட்டுக்கு வந்திருந்தார்கள். பெரிய டீச்சர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பலகையைப் பார்த்தார், வெளியே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

"இந்தக் கிட்டங்கி கட்டுனதே மூட்டை வைக்கத்தானேங்க. எம் மூட்டை இருந்த எடத்துல அவுக மூட்டை இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?" உள்ளே பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். "ஏலே, இன்னுமா கெடக்க? வெரசா எந்திரிச்சு எடங் குடுறா."

அன்று எல்லோரும் மூட்டையோடு உள்ளே வந்தார்கள். வாங்கிய பரோட்டா வீணாகவில்லை. மறுநாள் படகுக்காரர்கள் பரோட்டா எங்கே என்று கேட்டு வந்தார்கள். நான் செருப்பு எங்கே என்று கேட்டேன். கணக்கு நேராகிவிட்டது.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், கொட்டகையில் படுத்தவர்களிலிருந்தே இன்னும் இருவரைக் கமிட்டியில் சேர்த்தார் பெரிய டீச்சர். ஒருவர் மார்க்கெட்டில் கேரட் கழுவுகிற அக்கா. தலையணை விஷயம் மறுபடி வந்தபோது மெம்பர் வழக்கம்போல், "ஆட்சேபம். மூட்டை இருக்கையில தலைகாணி எதுக்கு?" என்றார்.

"உங்களுக்கு வேணாம்னா மூட்டையிலயே வைங்க தலைய" என்றார் அந்த அக்கா. "நாள் பூரா தண்ணிக்குள்ள குனிஞ்சு நிக்கிறவ நானு. எங் கழுத்துக்கு வேணும்."

தலையணை நிறைவேறியது. தன்னை ஒருத்தி ஆட்சேபித்துவிட்டாளே என்று மெம்பர் ஒரு வாரம் என்னோடு தேத்தண்ணி குடிக்க வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் அறைக்குப் போனபோது ஒரு தலையணை கிடந்தது. மூட்டைக்கு என்றார்.

அதற்கப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மெம்பர் ஆட்சேபம் என்றால் எழுதுவதற்கு முன்னால் "ஏன் மெம்பர்?" என்று கேட்பேன். எப்போதும் ஒரு காரணம் இருக்கும். பாதி நேரம் நல்ல காரணம். மீதி நேரம் கேட்க வேடிக்கையான காரணம்.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் திண்டுக்கல்லில் வேறு வேலை கிடைத்தது. கல்யாணமாகி, குழந்தையும் பிறந்து, குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கூட்டத்தில் என்னை விடுவிக்கும் தீர்மானத்தை டாக்டர் படித்தார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

"ஆட்சேபம்" என்றார் மெம்பர்.

பழக்க தோஷத்தில் நான் கேட்டுவிட்டேன். "ஏன் மெம்பர்?"

அவர் தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மூட்டையைக் கொஞ்சம் சரிசெய்து வைத்தார். அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் காரணம் எதுவும் இல்லை.

தீர்மானம் நிறைவேறி, நானும் மலையிறங்கிவிட்டேன். எனக்குத் தெரிந்து, அந்த ஆட்சேபத்தை அவர் கடைசிவரை வாபஸ் வாங்கவேயில்லை.