கருவைக்குச் சூடம் காட்டிய கதை

சாமி கும்பிடுகிறவனைச் சாமி கைவிடாது என்பார்கள். உண்மைதான். ஆனால் தன் புத்தியையும் சேர்த்துக் கும்பிடுகிறவனைச் சாமி என்ன செய்ய முடியும்? என் விஷயத்தில் பழனி முருகனே கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்.

வடமதுரைக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. (காடு என்றால் புலி இருக்கிற காடு இல்லை, வானம் பார்த்த மேட்டு நிலம்.) புல்லைவிடக் கருவேல முள்தான் அதிகம். பள்ளத்தில் ஒரு கிணறு. மாசி பிறந்தால் தவளைகூட அதைவிட்டுக் குடிபோய்விடும். வீட்டில் இரண்டு பசுக்கள். கோடை முழுக்க என் வீட்டுக்காரி செல்லம்மாள் அடுத்த ஊர் ஊருணியிலிருந்து தண்ணீர் சுமந்து அவற்றைக் காப்பாற்றினாள். ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த வருசம் சொமந்துட்டேன். அடுத்த கோடைக்கும் கெணறு வத்துச்சுன்னா மாட்டை வித்துருங்க. என் கழுத்து தாங்காது."

முருகனே அனுப்பினதுபோல, பிளாக் ஆபீஸ் கிராம சேவக் சைக்கிளில் வந்தார். மேய்ச்சல் காட்டில் முள்ளை வேரோடு எடுத்தால் செலவில் பாதி சர்க்காருடையது, பாதி நம்முடையது. முள் உறிஞ்சுகிற தண்ணீர் மண்ணில் இறங்கும், புல் பிடிக்கும், கிணறு ஊறும் என்றார். ஒரே நிபந்தனை: பெரிய அதிகாரி வந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொன்னால்தான் சர்க்கார் பாதி வரும்.

முருகன் முன்னால் பூப்போட்டுப் பார்த்தேன். நினைத்த வெள்ளைப் பூவே வந்தது. ஆளும் வைத்து, நாங்களும் கடப்பாரை பிடித்து, ஆனி வெயிலில் வேர் வேராகத் தோண்டினோம். என் உள்ளங்காலில் ஏறின முள்ளை அளந்திருந்தால் சர்க்கார் அதற்கும் பாதி கொடுத்திருக்கும். கடைசியில் காடு, பழனியில் போட்ட மொட்டைபோலப் பளபளத்தது. கிராம சேவக்குக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, அதிகாரி வார வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா கெடக்கட்டும்."

சும்மா கிடக்க விடுகிறவனா நான்? எங்கள் பக்கத்தில் வெறும் மண்ணைக் கண்டால் கிடை போடத்தான் கை துறுதுறுக்கும். ஆட்டு மந்தையைக் கொண்டுவந்து ராத்திரியில் நிலத்தில் அடைத்தால், அதன் புழுக்கையே எரு. புல் இன்னும் நன்றாக வருமே என்று சுப்பையாக் கோனாரின் மந்தையை அழைத்து வந்தேன். (இதற்கு மட்டும் பூப்போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.) கோனார் பெருமையாகத்தான் சொன்னார்: "கம்மாக்கரையில வேலங்காயாத் தின்னு கொழுத்த ஆடுக, தம்பி. அம்புட்டும் சத்து." எனக்குப் புல்லரித்தது. காடு முழுக்க ஓரிடம் விடாமல் கிடையை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன்.

ஆவணியில் நல்ல மழை. சில நாள் கழித்து வரப்பில் நின்று பார்த்தால், காடெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிஞ்சுப் புல்லை மிதிக்கக் கூடாதென்று உள்ளே காலே வைக்கவில்லை. வரப்பிலேயே சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, விழுந்து கும்பிட்டேன். செல்லம்மாளையும் கும்பிடச் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டு உள்ளே இறங்கிக் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். பிறகு விரலைச் சப்பிக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க, புல்லுல முள்ளு இருக்குமா?"

கருவை! அத்தனையும் கருவேலங்கன்று. ஆட்டு வயிற்றில் வேலங்காய்தான் செரிக்கும், உள்ளே இருக்கிற விதை செரிக்காது. ஊறி, எருவோடு விழுந்து, ஒன்று தப்பாமல் முளைக்கும். ஆடு வைத்திருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். புல் வரும் என்ற ஆசையில் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

அதிகாரி மறுநாளே வருகிறார் என்று சேதி. பொழுது சாயும்வரை இருவரும் பிடுங்கினோம். திரும்பிப் பார்த்தால் ஒரு கட்டில் போடுகிற இடம்தான் சுத்தமாகியிருந்தது.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சுற்றிலும் பார்த்தார். காலடியைப் பார்த்தார். கிராம சேவக் தன் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது?"

"கெடை போட்டேங்கய்யா. புல்லு நல்லா வரட்டும்னு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொறுமையாகச் சொன்னார்: "முள்ளை எடுக்கத்தான் சர்க்கார் பாதி குடுக்குது. வெதைக்கிறதுக்கு இன்னும் உத்தரவு வரலய்யா."

ஜீப் போய்விட்டது, சர்க்கார் பாதியும் அதிலேயே போய்விட்டது. இன்னொரு தடவை காட்டைத் தோண்டக் கையிலும் ஒன்றுமில்லை, உடம்பிலும் ஒன்றுமில்லை. அடுத்த மாசியில் கிணறு சொன்ன சொல் தவறாமல் வற்றியது. பசுக்கள் இரண்டும் சந்தைக்குப் போயின. மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லை அல்லவா, அந்தக் கயிறுகளை மட்டும் செல்லம்மாள் அவிழ்த்து வாங்கி உத்தரத்தில் மாட்டினாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில், ஒழுங்காக முடிந்த காரியத்தில் நான் கை வைக்கப் போனால் போதும், மருமகன் சொல்லிவிடுவார்: "மாமா, விட்டுருங்க. கெடை போட்டுறாதீங்க." பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

மாடு கட்டின இடத்தில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறோம். எல்லாம் அந்தக் காட்டுக் கருவைதான். நன்றாக எரிகிறது என்கிறாள் செல்லம்மாள்.