நோயலின் பெயருக்குப் பின்னால்

"வெறும் பி.காமை வெச்சிகினு இன்னா பண்ணப் போற நைனா? கூட எதுனா படி!" என்றார் எதிர் நாற்காலி பரசுராமன்.

திருவொற்றியூரில் அந்தப் பழைய இரும்புக் கம்பெனிக்குக் கணக்கு எழுதியவர்கள் நோயலும் அவரும் மட்டும்தான். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று நோயல் காதலித்த ஷைனியின் வீட்டில் சொல்லிவிட்டார்கள். முதலாளி மனோகரனோ எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார்.

"நீங்க ஏண்ணே படிக்கல?" என்று கேட்டான் நோயல்.

"எனுக்கு எட்டாங்கிளாஸோட புட்டுக்கிச்சு. சொன்னதை எழுதுவேன், அவ்ளோதான்."

நோயல் முதலில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலி படித்தான். முதலாளி பூரித்துப்போய் இரண்டு பேர் வேலையையும் அவன் தலையில் கட்டினார். பரசுராமன் நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

"இத்த வுட பெருசா படி. அப்பால எவன் உன்கிட்ட குமாஸ்தா வேலை வாங்குவான்?" என்று யோசனையும் சொன்னார்.

நாய் படாத பாடு பட்டு, செலவுக் கணக்குப் படிப்பான ஐ.சி.டபிள்யூ.ஏ.வில் இன்டர் பாஸ் செய்தான். முதலாளி அவன் பெயரைப் பட்டத்தோடு பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். அன்றிலிருந்து விற்பனை வரி ஆபீசில் போய்த் திட்டு வாங்குவதும் அவன் வேலையானது. படித்தவனைத் திட்டுவதில் அதிகாரிகளுக்குத் தனி ருசி.

"பேஜாரா கீதுண்ணே."

"ஃபைனலையும் முடிச்சிரு. உன்ன அசைக்க ஆள் கீதா?"

முடித்தான். முதலாளி கண்கலங்கிக் கட்டிப்பிடித்து அவனைக் கம்பெனிக்கே டைரக்டர் ஆக்கினார். தானும் பெருந்தன்மையாக விலகிக்கொண்டார். காட்டிய இடத்திலெல்லாம் நோயல் கையெழுத்துப் போட்டான். ஷைனி வீட்டில் தேதி குறித்தார்கள்.

ராயபுரம் மாதா கோயிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த மறுநாள் போலீஸ் வந்தது. பழைய இரும்பு என்ற பெயரில் துறைமுகத்தில் இறங்கியது வேறு சரக்காம். மனோகரன் போன இடம் தெரியவில்லை.

"எனக்கு எதுவும் தெரியாது சார்!"

இன்ஸ்பெக்டர் வாசல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இவ்ளோ படிச்சவனுக்குத் தெரியாதா? ஏறுய்யா ஜீப்ல."

பரசுராமனையும் விசாரித்தார்கள். "எட்டாங்கிளாஸ் சார்" என்று கை கட்டினார். போகச் சொல்லிவிட்டார்கள்.

ஜாமீனில் வெளிவந்த நோயல் தாடியோடு நேரே காலடிப்பேட்டையில் பரசுராமன் வீட்டுக்குப் போனான். ஷைனி வீட்டில் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். தன்மேல் தப்பில்லை என்று பரசுராமன் சாட்சி சொன்னால் ஒருவேளை தப்பிக்கலாம்.

அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி கெங்கம்மா காபி கொடுத்து உட்காரவைத்து, கதை முழுவதையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"படிச்சே, சரி. அத்த ஏந்தம்பி மொதலாளியாண்ட போய் சொன்ன? எங்க வூட்டுக்காரரு இதே ஐ.சி.டபிள்யூ.ஏ.வ கண்ணாலத்துக்கு மின்னாடியே முடிச்சவரு. இன்னி வரிக்கும் ஒரு கம்பெனிலயும் மூச்சு வுட்டதில்ல!"