மாலதியை நீக்கப் போனேன்

வீட்டில் ஒருவர் நாவல் எழுதுவது, வீட்டில் ஒருவருக்குத் தீராத மூட்டுவலி இருப்பதைப் போன்றது. வருகிறவர்கள் எல்லாம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். நோயாளி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வலி பத்து வருடமாக இருந்தது.

பகலில் புணேயின் ஹடப்சரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பிறர் எழுதிய நிரல்களில் குற்றம் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் நான் உரைநடைக் கவிஞன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. (எவ்வளவு விற்றது என்று கேட்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் துடைப்பம் போக மாட்டேன் என்கிறது என்று என் மனைவி சுமதி சொல்வதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.)

நாவலின் நாயகி மாலதி. அவள் ஒரு ஜன்னலருகே நிற்கிறாள். வெளியே மழை பெய்கிறது. முந்நூறு பக்கம். இவ்வளவுதானா கதை என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். அவள் கையில் ஒரு காபி டம்ளரும் இருந்தது. அந்தக் காபி ஆறுவதற்கு நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டேன். 'மழை அவளை வரிவரியாக வாசித்தது. அவள் தன் ஈரத்தை மடித்து வைத்துக்கொண்டாள்' என்பது மாதிரி ஒன்றை எழுதிவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவி வந்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படித்துப் புல்லரிப்பேன். சுமதி அந்த நாற்பது பக்கத்தைப் படித்துவிட்டு, "காபி ஆறிப்போச்சுங்க" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் கணபதி விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, பால்கனியில் நின்று எதிர்க்கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. நாவலில் இருக்கும் ஒரே குறை மாலதி. குறுக்கே அவள் நின்றுகொண்டிருப்பதால்தான் மழை முழு மழையாக இல்லை. முதல் வரியிலிருந்து திரும்ப எழுத வேண்டும். ஆளே இல்லாமல்.

காலைப் பலகாரத்தின்போது இதை அறிவித்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிலா, "அப்பா, அப்போ ஜன்னல் காலி இருந்து போகுமா?" என்று கேட்டாள். (புணேயிலேயே பிறந்த பெண். அவள் தமிழ் இந்தி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்.)

சுமதிதான் வெளிறிப்போனாள். தோசைக்கல்லில் தோசை கருகிற்று.

"மாலதியவா எடுக்கறீங்க? இப்பவா? ஒரு பதினஞ்சு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

"கலை பொறுக்காது சுமதி."

"கலை பொறுக்காட்டிப் போகுது. நான் வெளிய தலைகாட்ட வேண்டாமுங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்க வேண்டும். நான்தான் மழையாக இருந்தேனே.

மறுநாள் லிஃப்டில் ஐந்தாம் மாடி தேஷ்பாண்டே காக்கு வந்தார். காக்கு என்றால் மராத்தியில் சித்தி. எங்கள் குடியிருப்பு முழுமைக்கும் அவர் சித்தி. என் வணக்கத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரைத்தளம் வந்ததும், "ஒரு பொண்ணோட வாழ்க்கை. அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாதீங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாலையில் மூன்றாம் மாடிக்காரர் வண்டி நிறுத்துமிடத்தில் என்னை ஓரம் கட்டினார். "பாய்சாப், மாலதியை எடுக்கப் போறீங்களாமே. என் பெண்டாட்டி ரெண்டு நாளா சரியாச் சாப்பிடறதில்லை."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அச்சேறாத ஒரு தமிழ் நாவலுக்காக மராத்திக் குடும்பம் ஒன்று பட்டினி கிடக்கிறது. எந்த ஊரில் நடக்கும் இது? தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்களுக்கு எப்படி மாலதியைத் தெரியும் என்ற சின்னச் சந்தேகம் எழுந்தது. பெரிய எழுத்து மொழியைத் தாண்டிக் கசியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். (ஆமாம், அப்படியேதான் சொல்லிக்கொண்டேன். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

அந்த வாரமே குடியிருப்பின் செயலாளர் வந்து கேட்டார்: கணபதி விழாக் கலைநிகழ்ச்சியில் 'எழுத்தாளருடன் ஒரு சந்திப்பு' வைக்கலாமா? ஜனங்கள் ரொம்பக் கேட்கிறார்கள். நான் புதுக் குர்தா வாங்கினேன்.

"காய்ச்சல்னு சொல்லிரலாமுங்க" என்றாள் சுமதி.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"எனக்கு வந்துருச்சுங்க."

என் புகழ் அவளைக் கூச வைக்கிறது என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன். விழா அன்று மத்தியானம், மேடையில் சொல்ல ஒரு வீர வாக்கியம் வேண்டுமே என்பதற்காக, முந்நூறு பக்கத்தையும் கணினியிலிருந்து அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிரதி எதுவும் கிடையாது.

மேடையில் எனக்கு முன்னால் ஒரு குழந்தை கத்தரிக்காய் வேடத்தில் வந்து அழுதுவிட்டுப் போனது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் நான் மைக்கைப் பிடித்தேன். எழுதி மனப்பாடம் செய்திருந்த இந்தியில், மாலதி ஒரு பெண் அல்ல, ஒரு ஈரப்பதம் என்றேன். அவள் அந்த ஜன்னலை விட்டு என்றுமே நகர்ந்தவள் இல்லை என்றேன். "இன்று மத்தியானம் அவளை அழித்துவிட்டேன். மழை மட்டும் மிஞ்சியிருக்கிறது" என்று முடித்துவிட்டு, கைதட்டலுக்காகக் கண்ணை மூடினேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், முன்வரிசையில் தேஷ்பாண்டே காக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"நகரவே இல்லையா? அப்ப சாங்லியில டிஃபன் கடை போட்டது யாரு?"

"சாங்லியில... யாருங்க?"

"மாமனார் வீட்டுப் பத்திரத்தை ஒளிச்சு வெச்சாரே, அதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்றது இரண்டாம் வரிசை.

"இரட்டைக் குழந்தைங்க என்ன ஆச்சு?" இது ஓர் ஆண் குரல். மூன்றாம் மாடிக்காரர்.

"எந்த இரட்டைக் குழந்தைகள்?" என்றேன் மைக்கில்.

கூட்டம் ஒருமாதிரி உறுமியது. நான் சுமதியைத் தேடினேன். மோதகத் தட்டுகள் அடுக்கியிருந்த மேசைக்குப் பின்னால் அவள் குனிந்து, விழாத ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிலா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

காக்கு படியேறி வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். "இவருக்கு ஏதோ மனசு சரியில்லை போல. நான் ஞாபகப்படுத்தறேன்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு, என் நாவலை எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். மாலதி முதல் நாளே ஆறின காபியைக் கீழே ஊற்றிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டாள். கணவனின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாங்லி போனாள். கடை போட்டாள், ஏமாந்தாள், மறுபடி போட்டாள். நாத்தனார் நிச்சயதார்த்தத்தன்று பந்தலில் எல்லோரும் இருக்கும்போது தொலைபேசி அடிக்கிறது. மாலதி எடுக்கிறாள். மறுமுனையில் கணவனின் அண்ணன், செத்துவிட்டதாக எல்லோரும் சொன்னவன். "மாலதி, அந்தப் பையன்கிட்ட மட்டும்..." என்கிறான்.

காக்கு நிறுத்தினார். என் பக்கத்தில் உபரியாக இன்னொரு மைக் அணைக்காமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.

அது ஹடப்சர் முழுவதும் கேட்டிருக்கும். குடியிருப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அழுதுகொண்டிருந்த கத்தரிக்காய்கூடச் சிரித்தது.

"அப்புறம் மழை வந்துடுச்சு" என்றார் காக்கு வருத்தத்தோடு. "நாலு நாளா நாங்க வாக்கிங் போகலை. கதை அங்கேயே நிக்குது."

மறுநாள் காலையில் சுமதி பேசினாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"வாக்கிங் போறப்ப, உங்க வீட்டுக்காரர் என்ன எழுதறாருன்னு கேட்டாங்க. ஒரு பொண்ணு ஜன்னல்கிட்ட நிக்கறான்னு சொன்னேன். அப்புறம்னாங்க. மழை பேயுதுன்னேன். அப்புறம்னாங்க. நான் என்னங்க பண்ணட்டும்? எத்தனை சுத்துக்கு அவளையே நிக்க வெக்கறது? ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னா உங்களைத்தான சிரிப்பாங்க."

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பத்து வருட நாவல் போயே போய்விட்டது. இருப்பது அவளுடைய நாவல் மட்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"அந்த அண்ணன் போன்ல என்னதான் சொன்னான்?"

"எழுதிக்கிட்டு அது வரைக்கும் வாங்க, சொல்றேன்" என்றாள்.

அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் வரியிலிருந்து. முடிவு எனக்குத் தெரியாது, அவள் சொல்வதாகவும் இல்லை. மின்சாரக் கட்டணம் பற்றி நான் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினாலும் நிலா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு "அப்புறம்?" என்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து வரும் மைத்துனன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொல்லிக்கொண்டுதான் நுழைகிறான்.

போன வாரம் லிஃப்டில், புதிதாகக் குடிவந்திருக்கும் ஒருவர் மிகுந்த பரிவோடு கேட்டார்: "உங்க மூத்த பொண்ணு மாலதி எப்படி இருக்கா? ரொம்பக் கஷ்டப்பட்ட பொண்ணுன்னு சொன்னாங்க." மறுக்கத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "இப்ப பரவாயில்லை. நாசிக்ல செட்டில் ஆயிட்டா" என்று வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து சுமதியிடம் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன். பத்து வருடத்தில் என் கற்பனையில் நடந்த முதல் சம்பவம் அது.

"நாசிக்கா?" சுமதி கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்து சாயங்காலந்தான அவளைக் கோலாப்பூர்ல கடை திறக்க வெச்சேன். காக்கு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? அந்த மனுசன் வீடு ஏறறதுக்குள்ள போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.