எட்டு பாட்டில் ஹைட்ரஜன்

"வாய் வச்சுக் குடிங்கக்கா! தூக்கிக் குடிச்சா எல்லாம் காத்துல போயிடும்!"

தினேஸ்வரன் கத்தி முடிப்பதற்குள் இருசம்மாள் அந்த பாட்டிலை நெற்றிக்கு மேல் ஓர் அடி உயரத்தில் பிடித்து, அண்ணாந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் பாதியைக் காலி செய்திருந்தார்.

"என்னா தம்பி காத்துல போயிடும்?"

"ஹைட்ரஜன்க்கா."

"போனா போவட்டும். தண்ணி இருக்குல்ல."

செலண்டார் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சுங்கை கெலாடி செம்பனைத் தோட்டத்தில் வருடா வருடம் விளையாட்டு விழா நடக்கும். ஓட்டம், சாக்கு ஓட்டம், பந்து எல்லாம் உண்டு. அவற்றை யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் நடக்கும் பெண்கள் கயிறிழுப்புக்குத்தான் கூட்டம் காத்திருக்கும். தோட்டத்தின் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் முதல் டிவிஷன் ஒரு பக்கம், இரண்டாம் டிவிஷன் மறுபக்கம். ஆறு வருடங்களாக இரண்டாம் டிவிஷன்தான் ஜெயிக்கிறது. தொடர்ந்து ஏழு முறை ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை நிரந்தரச் சொத்து என்று விதி. இரண்டாம் டிவிஷன் தலைவி ராஜம்மா கோப்பைக்கு இடம் வேண்டும் என்று டிவி பக்கத்தில் இருந்த தன் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டதாகத் தகவல் வந்திருந்தது.

அந்த ஆறு வருடமும் முதல் டிவிஷனின் கோச் தினேஸ்வரன். பகலில் செம்பனை ஆலையில் கணக்கு எழுதும் கிராணி, மாலையில் கழுத்தில் விசில். ஐரோப்பாக்காரர்கள் கயிறு இழுக்கும் வீடியோக்களைக் கைபேசியில் நாற்பதுக்கு மேல் பார்த்தவன். கயிற்றை மட்டும் இதுவரை தொட்டதில்லை. போன வருடம் கடைசிச் சுற்றில், முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கச் சொல்வதற்காக அவன் விசில் ஊதினான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து எட்டுப் பெண்களும் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

"இந்த வருசமும் தோத்தா," என்று சொல்லியிருந்தாள், அணியில் நான்காவதாக நிற்கும் அவன் மனைவி பவானேஸ்வரி, "விசில என் தம்பிகிட்ட குடுத்துடுங்க."

விசில் போவதைக்கூட அவனால் தாங்க முடியும். அது மச்சினன் கழுத்தில் தொங்குவதைத் தாங்க முடியாது.

அதனால்தான் இந்த பாட்டில். பொத்தானை அழுத்தினால் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து, அடியிலிருந்து குமிழி குமிழியாக ஹைட்ரஜன் கிளம்பும். உடற்பயிற்சி செய்பவர்கள் குடித்தால் களைப்பு குறையும், தசை வலி சீக்கிரம் தீரும் என்று ஒரு கட்டுரையில் போட்டிருந்தது. சில ஆய்வுகளில்தான் பலன் தெரிந்தது, மற்றவற்றில் ஒன்றும் தெரியவில்லை என்றும் அதே கட்டுரையில் போட்டிருந்தது. ஆனால் அது இரண்டாம் பக்கம். தினேஸ்வரன் முதல் பக்கத்திலேயே ஆர்டர் போட்டுவிட்டான்.

இப்போது திடலில் எட்டுப் பெண்களும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"இங்க பாருங்க. மூடியத் திறந்தா வாயு ஓடிடும். அதனால இப்படி..."

பாட்டிலை உதட்டில் பொருத்தி இரண்டு மடக்கு குடித்துக் காட்டினான்.

 அணியின் இளையவள் தேவமலர் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எச்சி பண்ணிட்டீங்களே தம்பி," என்றார் இருசம்மாள். "இனிமே இத யாரு குடிக்கிறது?"

"கழுவிக் குடுக்கிறேன்க்கா."

"கழுவுனா ஹைட்ரஜன் போவாதா அண்ணே?" என்று கேட்டாள் தேவமலர். அறிவியல் மாணவி போலத்தான் கேட்டாள்.

அன்று பயிற்சி அத்தோடு முடிந்தது.

தினேஸ்வரன் தளரவில்லை. நான்கே நாளில் இன்னும் ஏழு பாட்டில்கள் வந்து இறங்கின. எட்டிலும் ஆளுக்கொரு பெயர் ஒட்டினான். இனி யார் எச்சிலும் யாருக்கும் இல்லை. ஆனால் எட்டுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டுமே. பொது மண்டபத்தில் இருந்த ஒரே பிளக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிப்பு வயர்களைச் செருகினான். மண்டபத்து மீட்டர் பெட்டி, தோட்டத்தில் ரப்பர் மரம் நின்ற காலத்தது. விழாக் குழுத் தலைவர் முனுசாமி மேடையில் கரோக்கே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது 'டப்'பென்று எல்லாம் அணைந்தது. தலைவர் மட்டும் அணையவில்லை. இருட்டிலேயே பாட்டை முடித்துவிட்டு, "யாருடா அது?" என்றார்.

மறுநாளிலிருந்து பாட்டில்களுக்கு மண்டபத்தில் தடை.

"வீட்டுல போடறேன்," என்றான் தினேஸ்வரன்.

"ரைஸ் குக்கர எங்க போடறது?" என்றாள் பவானேஸ்வரி.

மூன்று வாரம் அந்த வீட்டில் சோறு விறகடுப்பில் வெந்தது.

அணியில் எட்டுப் பேருக்கும் ஆயர் குரோவில் ஒரே பேக்டரியில் வேலை. விடியற்காலையில் பேக்டரி பஸ் வந்துவிடும். அதற்குள் எட்டு பாட்டிலிலும் குமிழி விட்டு, மூடியை இறுக்கி, கூடையில் அடுக்கிக்கொண்டு தினேஸ்வரன் பஸ் வாசலில் நிற்பான். ஏறுகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகத் திணிப்பான்.

"திறந்தா உடனே குடிச்சிடணும்! வாய் வச்சு!"

"தம்பி, கதவ விடுங்கலா," என்பார் டிரைவர் ஜைனுதீன். "நான் இன்னும் ரெண்டாவது டிவிஷனுக்குப் போயி ஆள் ஏத்தணும்."

மாலையில் எட்டு பாட்டிலும் காலியாகத் திரும்பும். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. தினேஸ்வரனுக்குக் கண் கலங்கும்.

"எப்படிக்கா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்காம் தம்பி," என்பார் இருசம்மாள். "கால் வலி சுத்தமா இல்லையாம்."

பெண்கள் கயிற்றின் ஒரு முனையைச் செம்பனை மரத்தில் கட்டிப் பயிற்சியைத் தொடங்குவார்கள். தினேஸ்வரன் திடல் ஓரத்துக் குழாயடியில் உட்கார்ந்து பாட்டில் கழுவுவான். எட்டு பாட்டில், எட்டு மூடி, எட்டு ரப்பர் வளையம், ஒரு பிரஷ்.

"எட்டையும் அந்த ஒரே பிரஷ்லதான் கழுவுறீங்களா?" என்று பவானேஸ்வரி ஒருநாள் கேட்டாள்.

"ஆமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

இருசம்மாள் கயிற்றின் கடைசியில் நின்று, லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் ஆட்கள் போல, "ஹோய்... ஹோய்..." என்று குரல் கொடுப்பார். எட்டுக் குதிகாலும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கும். முழங்கால் மடிப்பு சரியில்லை என்று தினேஸ்வரனுக்குப் படும். எழுந்து போய்த் திருத்தலாம் என்றால் கையெல்லாம் சோப்பு நுரை. அடுத்த பாட்டிலை எடுத்துக்கொள்வான்.

மூன்றாம் வாரம் அந்தச் செம்பனை மரம் லேசாகச் சாய்ந்திருந்தது.

"ஹைட்ரஜன்!" என்றான் தினேஸ்வரன் தனக்குத் தானே.

விழா நாள் வந்தது. கயிறிழுப்பு நான்கு மணிக்கு. தினேஸ்வரன் சரியாக மூன்று ஐம்பதுக்கு எட்டு பாட்டிலிலும் பொத்தானை அழுத்தினான். மூன்று ஐம்பத்தொன்றுக்கு முனுசாமி மைக்கைப் பிடித்தார்.

"இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்..."

நான்கு இருபதுக்கும் அவர் அமரவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்த தோட்டத்து வரலாற்றில் இன்னும் வெள்ளைக்கார மானேஜர்தான் ஆண்டுகொண்டிருந்தார். பாட்டில்களில் குமிழி அடங்கியது. தினேஸ்வரன் மறுபடி அழுத்தினான். நான்கு முப்பத்தைந்துக்கு மறுபடி. ஐந்தாவது பாட்டிலில் சிவப்பு விளக்கு மின்னியது, பிறகு ஏழாவதில், பிறகு எல்லாவற்றிலும்.

எட்டையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். சார்ஜில் போட்டான். குமிழி வந்ததும் பிடுங்கினான். ஓடி வரும் வழியில்தான் மூன்று மூடிகளின் ரப்பர் வளையம் குழாயடியிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. அந்த மூன்றையும் விரல்களால் அமுக்கிக்கொண்டு, மீதி ஐந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திடலுக்குள் அவன் நுழைந்தபோது கயிறு ஏற்கெனவே இறுகியிருந்தது.

"இருங்க! தண்ணி!"

யாரும் இருக்கவில்லை.

விசில் கழுத்தில் தொங்கியது. எடுக்கக் கை இல்லை. தாடையால் அதை மேலே நெம்பிப் பார்த்தான். அது ஐந்தாவது பாட்டிலுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. "முழங்கால்!" என்று கத்தினான். கூட்டத்தின் இரைச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை.

"ஹோய்... ஹோய்..."

எட்டுக் குதிகால் இறங்கின. ராஜம்மா முதலில் முறைத்தார், பிறகு வழுக்கினார், பிறகு மற்ற ஏழு பேரோடு கோட்டைத் தாண்டி வந்தார். முதல் சுற்று முதல் டிவிஷனுக்கு.

இரண்டாவது சுற்றில் முனுசாமி மைக்கில் வர்ணனை செய்யத் தொடங்கி, முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

திடல் அதிர்ந்தது. பட்டாசு வெடித்தது. தேவமலர் கயிற்றையே மாலையாகப் போட்டுக்கொண்டு ஆடினாள். நாலு பேர் தினேஸ்வரனை, பாட்டில்களோடு, தோளில் தூக்கினார்கள். ஆறு வருடங்களாக அவன் பக்கமே திரும்பாத ஆலை மானேஜர் அவன் முழங்காலைப் பிடித்துக் குலுக்கினார். மச்சினன் கைதட்டினான். அதைப் பார்ப்பதற்காகவே தன்னை இன்னும் இரண்டு சுற்று தூக்கிச் சுற்றச் சொன்னான் தினேஸ்வரன்.

மேடையில் அவனிடம் மைக் வந்தது.

"இது சாதாரண வெற்றி இல்லை. இது அறிவியலின் வெற்றி! மூன்று வாரம், தினமும் எட்டு பாட்டில்..."  கூட்டம் கைதட்டியது. ஏன் என்று தெரியாவிட்டாலும் நன்றாகவே தட்டியது.

கீழே இறங்கியபோது ராஜம்மா எதிரில் நின்றார். சட்டையெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இன்னிக்கு எங்க தண்ணி எங்க?"

"எந்தத் தண்ணிக்கா?"

"பஸ்ல தினம் வருமே, அதுதான். மூணு வாரமா நாங்க எட்டுப் பேரும் நீங்க சொன்ன மாதிரியே வாய் வச்சுத்தான் குடிச்சோம். கால் வலியே இல்லலா. தோத்துட்டோம், அது வேற."

தினேஸ்வரன் நெஞ்சோடு அணைத்திருந்த பாட்டில்களைக் குனிந்து பார்த்தான். எட்டும் முழுசாக இருந்தன. மெதுவாகத் தன் அணியின் பக்கம் திரும்பினான்.

"பவா... நீங்க யாருமே குடிக்கலியா?"

பவானேஸ்வரி வானத்தைப் பார்த்தாள்.

"அப்போ எப்படித்தான் ஜெயிச்சீங்க?"

வென்ற கோப்பை நிறைய ரோஸ் சிராப்பு ஊற்றி, நெற்றிக்கு மேல் ஓர் அடி தூக்கி, அண்ணாந்து குடித்து முடித்த இருசம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழு வருசத்துல இந்த வருசம்தான் தம்பி, நீங்க பாட்டிலப் புடிச்சிக்கிட்டு கயித்த எங்ககிட்ட விட்டீங்க."