போத்தலின் முன்னிலையில் புளித்த மா

பாலப்பத்துக்கான மாவைப் புளிக்கவைக்கக் கள்ளு வேண்டும். லண்டன் மாநகரில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. ஆகவே கள்ளும் இல்லை. இந்தப் பெருங்குறையை அங்கு குடியேறிய யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஒரு குழுவும் அமைக்காமல், ஓர் அறிக்கையும் வெளியிடாமல், தாமாகவே தீர்த்துக்கொண்டார்கள். கள்ளுக்குப் பதிலாக பியர் விட்டார்கள். எந்த பியர் என்று கேட்டால், எது மலிவோ அது.

வசந்தமலரும் அப்படித்தான். டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத் தொலைவில், ஒரு சலவைக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே, பதினாறு ஆண்டுகளாக அவர் சாப்பாட்டுக்கடை நடத்திவந்தார். மற்ற நாட்களில் இடியப்பமும் சொதியும், சனிக்கிழமையில் பாலப்பம். அப்பத்துக்கு வருபவர்கள்தான் கிழமை முழுவதற்குமான சாப்பாட்டையும் சொல்லிவைத்துப் போவார்கள் என்பதால், சனிக்கிழமை நின்றால் கடை நின்றது. ஓர் அப்பம் அறுபது பென்ஸ். நாற்பது அப்பத்துக்குரிய மாவுக்கு ஒரு சின்னப் போத்தல் பியர். இவற்றைத் தவிர உலகின் வேறெந்தக் கணக்கும் அவரது நித்திரையைக் கெடுத்ததில்லை.

2008ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் அவரது கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விலை குறைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், பொருள் என்னவென்று கேளாமலே வாங்கிவிடும் இயல்பு அவருக்கு.

"இஞ்சேர், மூடப்போற கடை ஒண்டிலை அள்ளிக்கொண்டு வந்தனான். பன்ரெண்டு போத்தல், ஆறு பவுண்!"

வசந்தமலர் ஒன்றைத் திறந்து முகர்ந்தார்.

"இது புளிச்செல்லோ கிடக்கு. அதோடை மரத்தூள் மணம் வேறை."

"அப்ப எறியட்டோ?"

"ஏன் எறிவான்? புளிச்சதுதானே மாவுக்கு நல்லது. அங்காலை வையுங்கோ."

அன்று மா பானையின் விளிம்பைத் தாண்டிப் பொங்கியது. அப்பங்கள் சரிகைக்கரை போல் ஓரம் முறுகி வந்தன. கிழமைக்கு ஒரு போத்தலாகப் பதினொரு கிழமைகள் இந்த நற்காரியம் எவருக்கும் தீங்கின்றி நடந்தது.

பன்னிரண்டாம் கிழமை ஹரீஷ் வந்தார். சிங்கப்பூரிலிருந்து படிக்க வந்து, நகரத்து வங்கி ஒன்றில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். உப்பு வாங்கினாலும் எந்தக் கடலின் உப்பு என்று விசாரித்த பின்பே வாங்கும் நாகரிகத்தை அடைந்தவர். அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் நின்ற கடைசிப் போத்தலைக் கண்டதும், வாங்கிய அப்பப் பார்சலைக் கீழே போட்டுவிட்டார்.

"ஆன்ட்டி, இது எப்படி உங்ககிட்ட?"

"மாவுக்கு விடுற பியர், தம்பி. பன்ரெண்டு வாங்கினது, இது கடைசி. ஏன்?"

"மாவுக்கா!" ஹரீஷ் மேசையைப் பிடித்துக்கொண்டார். "விஸ்கி வச்சிருந்த மரப்பீப்பாயில பதினெட்டு மாசம் ஊறவச்ச பியர் இது. உலகத்துலயே இருநூத்தி நாப்பது போத்தல்தான். ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டிருக்கு, பாருங்க. ஏலத்துல நூத்தி இருபது பவுண்டுக்குப் போகுது."

"நூற்றியிருபதோ! அப்பிடியென்ன ருசி?"

"ருசியா? யாருக்குத் தெரியும்? இதைப் போய் யாராவது குடிப்பாங்களா?"

"குடிக்கிறேல்லை எண்டால் ஏன் காய்ச்சினவை?"

"வச்சிருக்கத்தான். மத்த பதினொண்ணு எங்க ஆன்ட்டி?"

வசந்தமலர் கண்ணாடிக்கு வெளியே வீதியைக் காட்டினார். அவற்றை உண்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

ஹரீஷ் தலை குனிந்து சிறிது நேரம் அஞ்சலி செலுத்தினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அப்ப உலகத்துல மிச்சம் இருநூத்தி இருபத்தொம்பது! விலை இன்னும் ஏறும் ஆன்ட்டி!" என்று போத்தலைப் படமெடுத்து, அன்றே இணையத்தில் போட்டார். பதினொரு போத்தல்கள் அப்பமான செய்தியைப் படித்து மனமுடைந்த அன்பர் ஒருவர் கவுன்சிலுக்குப் புகார் எழுதினார்.

அடுத்த புதன்கிழமை கவுன்சிலிலிருந்து செல்வமணி வந்தார். மலேசியாவில் பிறந்து, லண்டனில் சட்டம் படித்து, அரிய பானங்களை மதிப்பிடும் பிரிவின் முதுநிலை அலுவலராக உயர்ந்தவர். அந்தப் பிரிவில் இளநிலை அலுவலர் எவரும் இல்லை. கழுத்தில் அட்டையும் கையில் இருபத்திரண்டு பக்கப் படிவமும் இருந்தன. வசந்தமலர் மரியாதைக்கு இரண்டு அப்பம் வைத்தார்.

"அம்மா, உங்க மேல புகார் வந்திருக்கு. நூத்தி இருபதை நாப்பதால வகுத்தா மூணு. ஒவ்வொரு அப்பத்துலயும் மூணு பவுண்டு பெறுமதியான பியர் இருந்திருக்கு. நீங்க அறுபது பென்ஸுக்கு வித்திருக்கீங்க."

"ஓம். பெட்டியே ஆறு பவுண்தானே."

"வாங்கின விலை வேற, பெறுமதி வேறலா. பெறுமதிக்குக் கீழ விலை போட்டா வாங்குறவங்க ஏமாந்துடுவாங்க. மலிவான சாமான்னு நினைச்சிடுவாங்க இல்லையா?"

"மலிவான சாமான்தானே, தம்பி?"

"அதை நீங்க முடிவு பண்ண முடியாது. நீங்க கடைக்காரர் மட்டும்தான்." செல்வமணி பக்கத்தைப் புரட்டினார். "அடுத்த கேள்வி. தாச்சிச் சட்டியில சுடும்போது பியர் ஆவியாகுதா, இல்லையா?"

"ஆவியாகுது எண்டு எழுதினால்?"

"அரும்பொருளை அழிச்ச குற்றம்."

"ஆவியாகேல்லை எண்டால்?"

"லைசன்ஸ் இல்லாம மது வித்த குற்றம்."

"தெரியாது எண்டால்?"

"தெரியாத பொருளை மக்களுக்குத் தின்னக் குடுத்த குற்றம். இருக்கிறதிலேயே அதுதான்மா பெருசு."

"ஒண்டும் எழுதாட்டில்?"

"கடைப் பதிவு ரத்தாயிடும். பூட்டிடுவோம்." இதைச் சொல்லும்போது அவர் உண்மையாகவே வருந்தினார். இரண்டாவது அப்பத்தின் நடுப்பகுதியை அப்போதுதான் எட்டியிருந்தார்.

பதினாறு ஆண்டுகள் ஒரு கட்டளைக்கும் ஆளாகாத கடை. வசந்தமலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'ஆவியாகிறது' என்று திருத்தமான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

ஆவணி முடிவதற்குள் கட்டளை வந்தது. போத்தலின் ஏலவிலை இருநூற்று எழுபத்தாறாக உயர்ந்திருந்ததால், அதை நாற்பதால் வகுத்து, பழைய அறுபது பென்ஸையும் கூட்டி, ஓர் அப்பம் ஏழரைப் பவுண் என நிர்ணயிக்கப்பட்டது. சனிக்கிழமைக்கு நாற்பது அப்பம் மாத்திரம். ஒருவருக்கு ஒன்று மாத்திரம். எஞ்சியுள்ள போத்தலைத் திறப்பது பெறுமதியைக் குறைக்கும் செயலாகையால், அது தடைசெய்யப்பட்டது.

"அப்ப மாவுக்கு என்னத்தை விடுறது?"

"சாதாரண பியர் விடுங்கம்மா. ஆனா இந்தப் போத்தல் பானைக்குப் பக்கத்துல இருக்கணும். 'போத்தலின் முன்னிலையில் புளித்த மா'ன்னு பலகை போடுங்க. உண்மைதானே அது? பொய் எழுதச் சொல்லி கவுன்சில் என்னைக்கும் கேக்காது."

"ஏழரைப் பவுணுக்கு ஆர் அப்பம் வாங்குவினம்? கடை தானாப் பூட்டுப்படும், தம்பி."

"தானாப் பூட்டுப்பட்டா அது சந்தைம்மா. எங்க பிரிவு இல்ல."

அந்தச் சனிக்கிழமை, வியாபாரம் முடிந்தது என்ற தீர்மானத்தோடு வசந்தமலர் நான்கு அடுப்பில் ஒன்றை மாத்திரம் மூட்டினார். எட்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசை சாவி வெட்டும் கடையைத் தாண்டி நின்றது. பெரும்பாலும் தாடிக்காரப் பியர் ரசிகர்கள், இணையத்தில் செய்தி படித்துவிட்டு, குறிப்பேடும் கையுமாக வந்திருந்தார்கள். முதலாமவர் ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடினார். முதலில் மரம் தெரிகிறது என்றார். பிறகு, வெகு தொலைவில் விஸ்கி நடந்து வருகிறது என்றார். அன்று மாவுக்கு விட்டது எண்பது பென்ஸ் தகரப் பேணி பியர். வசந்தமலர் அதைச் சொல்ல வாயெடுத்தார். கேட்டுக்கொண்டிருக்க எவருக்கும் நேரமில்லை, எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம்மவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு கிழமை நிலைத்தது.

"ஏழரையோ? அறுவது பென்ஸ் அப்பத்துக்கோ? உனக்கென்ன விசரேடி, மலர்?" என்று சலவைக்கடை யந்திரங்களே நிற்கும்படி சத்தமிட்டுப் போனவர் நகுலேஸ்வரி. பதினாறு ஆண்டு வாடிக்கை. மூன்றாம் கிழமை அவர் பட்டுச்சேலைக்கு மேல் குளிரங்கி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்.

"மச்சாள் வீட்டை போறன். வெறுங்கையோடை போகேலாதெல்லோ. பலகையையும் ஒருக்கால் படமெடுக்கட்டே?"

ஐப்பசிக்குள், ஈஸ்ட் ஹாம் கலியாணமொன்றில் ஓர் அப்பத்தைப் பதினாறாக வெட்டி, கேக் வைக்கும் தட்டில் நடுமேசையில் வைத்தார்கள். வந்தவர்கள் சுற்றிநின்று பார்த்தார்கள். தின்னுமளவுக்கு நாகரிகமற்றவர் எவரும் அங்கு இல்லை. நகரத்து வங்கிகள் ஒவ்வொன்றாக ஆட்டங்கண்ட மாதம் அது. ஹரீஷ் மாத்திரம் கலங்கவில்லை. ஐந்து சனிக்கிழமைகளில் வாங்கிய ஐந்து அப்பங்களை உறைபெட்டியில் முதலீடாக வைத்திருந்தார்.

வசந்தமலருக்கு இந்தச் செழிப்பு தொண்டையில் இறங்கவில்லை. 'இல்லாத ஒன்றுக்கு விலை வாங்குவது எனக்கு வழக்கமில்லை. பழைய விலைக்கு விற்க அனுமதி தரவும்' என்று கவுன்சிலுக்கு எட்டுக் கடிதம் எழுதினார். எட்டுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

கார்த்திகையில் செல்வமணி தாமே வந்தார். முகத்தில் துக்கம்.

"அம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. காய்ச்சின கம்பெனியே அறிவிச்சிட்டாங்க. பீப்பாய்ல கோளாறாம். இருநூத்தி நாப்பதும் புளிச்சுப்போன பியராம். பெறுமதி பூச்சியம். கட்டளையெல்லாம் ரத்து, நீங்க அறுபது பென்ஸுக்கே விக்கலாம்."

"புளிச்சது எண்டு நான் வைகாசியிலேயே சொன்னனான்."

"நீங்க சொன்னப்ப அது அபிப்பிராயம்மா. இப்பதான் தகவல்."

அன்றிரவே வசந்தமலர் புதுப்பலகை எழுதினார். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை நான்கு அடுப்பையும் மூட்டிக் காத்திருந்தார்கள். தாடிக்காரர்கள் வந்தார்கள், பலகையைப் படித்தார்கள், போனார்கள். பிறகு நகுலேஸ்வரி வந்து மூக்கைச் சுருக்கினார்.

"அறுவது பென்ஸோ? ஏன், என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்லை, அக்கா. அதே மா, அதே தாச்சி, அதே கை."

"அதே அப்பமெண்டால் ஏனடி குறைச்சனி? எனக்கு வேண்டாம், அம்மா. வீட்டிலை இவருக்கு வயிறு சரியில்லை."

மூன்று சனிக்கிழமை மாவைத் தொட்டிக்குள் ஊற்றினார்கள். அப்பத்துக்கு ஆள் வராததால் இடியப்பத்துக்கும் ஆள் வரவில்லை. கவுன்சில் பூட்ட முடியாத கடையை அறுபது பென்ஸ் பூட்டிவிடும் போலிருந்தது.

"அப்ப என்ன செய்யப்போறீர்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

வசந்தமலர் நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்தார். 'ஐயா, எனது கடையில் ஐயத்துக்கிடமான போத்தல் ஒன்று இன்னும் இருக்கிறது. தாங்கள் மீண்டும் வந்து, அதன் பெறுமதியை நிர்ணயித்து, என்மீது கடும் நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.'

முதன்முறையாக மறு தபாலிலேயே பதில் வந்தது. நடவடிக்கைகள் ஆண்டொன்றுக்கு இருநூற்று நாற்பது மாத்திரமே எடுக்கப்படும், இவ்வாண்டுக்குரியவை முடிவடைந்துவிட்டன. ஒவ்வொரு நடவடிக்கையும் பதினெட்டு மாதம் அலுவலகத்தில் கிடந்த பின்னரே வெளியிடப்படும். தங்கள் காத்திருப்பு இலக்கம் 241.

வசந்தமலர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அறுபது பென்ஸ் பலகையைக் கழற்றிவிட்டு, முகப்புக் கண்ணாடியில் அந்தக் கடிதத்தை ஒட்டினார். அதன் கீழே ஒன்பது பவுண் என்று எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை வரிசை பஸ் நிறுத்தம் வரை நின்றது. முதல் ஆளாக நின்றவர் செல்வமணி. கழுத்தில் அட்டை இல்லை.

"இண்டைக்கும் படிவமோ, தம்பி?"

"இல்லம்மா, இன்னைக்கு லீவு. வீட்டுல விருந்தாளி. ஒரு நாலு அப்பம் குடுங்க."

"ஓராளுக்கு ஒண்டு."

"அந்தக் கட்டளையை எழுதினதே நான்தான்மா. அது ரத்தாயிடுச்சு."

"அது உங்கடை கட்டளை. இது என்ரை." வசந்தமலர் மேசைக்கு அடியிலிருந்து இருபத்திரண்டு பக்கத் தாள்கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "கூட வேணுமெண்டால் இதை நிரப்பிக்கொண்டு வாங்கோ. பதினெட்டு மாதத்திலை பதில் தாறன்."

பின்னால் நின்ற நகுலேஸ்வரி எட்டிப் பார்த்தார்.

"என்னடி அது, கொஞ்சந்தான் கிடக்கோ? எனக்கும் ஒண்டு எடுத்து வை!"