மேட்சிங் சென்டர் ஞானி

அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஏ.சி. ஹாலில் நடந்த தியான முகாமில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, பொன்ராஜுக்கு ஞானம் கிடைத்தது. ஆறரை மணிக்கு மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் நின்றார். சைதாப்பேட்டையில் டிராஃபிக் இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரமே ஞானியாக வந்து இறங்கியிருப்பார்.

"பங்கஜம், நான் அடைஞ்சிட்டேன்!"

"என்னத்த அடைஞ்சீங்க? மொதல்ல செருப்பை வெளிய விடுங்க. இப்பதான் தொடச்சேன்."

"ஞானம்! எனக்கு ஞானம் வந்துட்டு!"

"எத்தன மணிக்கு?"

"நாலே முக்காலுக்கு. குருஜி கட்டைவிரலால நெத்தியில ஒரு அமுக்கு அமுக்குனாரு. அப்படியே ஒரு ஒளி! வெள்ளை வெளேர்னு! கால் தரையில இல்ல பங்கஜம்!"

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

"முகாம்ல சாப்பாடு கிடையாது. எலுமிச்சைத் தண்ணி மட்டும்தான்."

"சுகர் மாத்திரை?"

"அது போட்டேன்."

"சரிதான். வெறும் வயித்துல சுகர் மாத்திரையைப் போட்டா எனக்கும்தான் ஒளி தெரியும். ரெண்டு இட்லி வைக்கேன், ஒளி போயிரும், உக்காருங்க."

பொன்ராஜ் கோபப்படவில்லை. பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார். வழவழவென்று லேமினேட் செய்திருந்தார்கள். அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கீழே, 'முதல் நிலை ஞானம் அடைந்தார்' என்று அச்சடித்து, குருஜியின் கையெழுத்து. இரண்டாம் நிலைக்கு அடுத்த மாதம் மாமல்லபுரம் வரவேண்டுமாம். பின்னாலேயே வந்து நின்ற எதிர் ஃபிளாட் ஜெயராம் கண் கலங்கினார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொன்ராஜை முகாமுக்கு அழைத்துப் போனவரும் அவர்தான்.

"எனக்கு இது ஆறாவது முகாம் மாமி. இன்னும் கொட்டாவிதான் வர்றது. சார் பாருங்கோ, மூணே நாள்ல தட்டிட்டார்!"

இந்த இடத்தில் பொன்ராஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடும். உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், இருபத்தாறு வருடமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறார். புடவைக்கேற்ற ஜாக்கெட் துணி விற்கும் கடை. உலகத்திலேயே பொறுமை அதிகம் தேவைப்படும் வியாபாரம் இது. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தால் நாற்பது பச்சையை எடுத்துப்போட வேண்டும். நாற்பதையும் அவள் தெருவெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். நாற்பதும் வேண்டாம் என்பாள். அப்போது சிரிக்க வேண்டும். நம் ஆள் என்ன சொல்வார் தெரியுமா? "இதுக்கு மேல பச்சை வேணும்னா ஆண்டவன்தாம்மா புதுசாப் படைக்கணும், கெளம்பு!" இப்படித்தான் அவர் வியாபாரம் செய்து வந்தார். கடையில் இருந்த ஒரே நல்ல சேல்ஸ்மேனும் இவர் வாய்க்குப் பயந்து போன மாதம் எதிர்க்கடைக்கு ஓடிவிட்டான்.

இன்னொன்றையும் கேளுங்கள். பங்கஜம் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். துணியைத் தொட்டாலே நூல் எண் சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து, "நானும் கடையில வந்து உக்காருதேனே" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள். "முதலாளி நாற்காலியில பொம்பள உக்காந்தா கடை விளங்குமாட்டி?" என்று பொன்ராஜ் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார். அந்த நாற்காலி ஒன்றும் சிம்மாசனம் இல்லை, கிழிந்த ரெக்சின் நாற்காலிதான். ஆனாலும் அதில் வேறு யாரும் உட்கார அவர் விட்டதில்லை.

ஞானம் வந்த நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். இன்னும் நாலு நாளில் ஆடி. தி.நகரில் ஆடித் தள்ளுபடி என்றால் சும்மாவா? புடவை எடுத்தவர்கள் அத்தனை பேரும் ஜாக்கெட் துணிக்கு இந்தச் சந்துக்குள்தான் வந்து விழுவார்கள். புழுக்கம், நெரிசல், சண்டை. வருஷா வருஷம் ஆடி முடிவதற்குள் பொன்ராஜுக்குத் தொண்டை கட்டி, பி.பி. ஏறி, ஒரு கிளினிக்கில் போய்ப் படுக்க வேண்டி வரும். இந்த வருஷம் அது வேண்டாம் என்று ஞானம் சொல்லிவிட்டது. ஞானி என்றால் வேலை செய்யக்கூடாது, வெள்ளை ஜிப்பா போட வேண்டும், மெல்லச் சிரிக்க வேண்டும், பிறர் இளநீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஞானத்தைப் பற்றி அறிந்து வைத்திருந்தது. ஆடியைப் பங்கஜம் தலையில் கட்டிவிட்டு, ஆவணியில் கல்யாண சீசன் வந்ததும் நாற்காலிக்குத் திரும்பிவிடலாம் என்று சைதாப்பேட்டை டிராஃபிக்கிலேயே கணக்குப் போட்டுவிட்டார். அதற்குள் மூன்றாம் நாளே அவள் அழுதுகொண்டு வந்து நிற்பாள், அதுவும் நல்லதுதான், இனிமேல் கடை என்று வாயைத் திறக்கமாட்டாள்.

"பங்கஜம்," என்றார் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு. "எனக்கு இனிமே பற்று இல்ல. கோவம் இல்ல. ஆசை இல்ல. நாளையிலருந்து கடையை நீயே பாத்துக்க."

பங்கஜத்தின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டி மறைந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த ஞானிக்கு அது தெரியவில்லை.

"நெசமாவா? நாற்காலியில கூட ஆசை இல்லையா?"

"மரக்கட்டைமேல என்ன ஆசை?"

"ஜெயராம் அண்ணன் சாட்சி. சாவியைக் குடுங்க."

சாவிக்கொத்தை ஜிப்பாப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "உலகத்தையே உன் கையில குடுத்துட்டேன்" என்று வசனம் வேறு. ஜெயராம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பங்கஜம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இட்லி வைக்க உள்ளே போனவள் இட்லியை மறந்து நாளைக்குக் கட்டவேண்டிய புடவையை இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வந்தது. அவள் அழவில்லை. ஆடி பிறந்தது. அப்போதும் அழவில்லை. காலையில் எட்டரைக்குப் போனால் ராத்திரி கடையை அடைத்துவிட்டுத்தான் திரும்புவாள், அதுவும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு.

"மத்தியானத்துக்கு என்ன இருக்கு பங்கஜம்?"

"ஞானிக்குப் பசி ஏதுங்க? எலுமிச்சம்பழம் ஃப்ரிட்ஜில இருக்கு."

வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் நெத்திலி இல்லாமல் சோறு இறங்காத மனுஷன் அவர். சனிக்கிழமை ராத்திரி அவள் நெத்திலி வறுத்தாள். வாசனை நாலு ஃபிளாட்டுக்கு அடித்தது. பொன்ராஜ் தியானத்தை விட்டு எழுந்து வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அய்யோ, உங்களுக்கு வேண்டாம்" என்று அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து மொறுமொறுவென்று கடித்தாள். "ருசியில பற்று வந்து முதல் நிலை எறங்கிருச்சுன்னா? லேமினேஷன் வேற பண்ணியாச்சு."

எச்சிலை விழுங்கிக்கொண்டு மெல்லச் சிரித்தார் ஞானி. வேறென்ன செய்வார்?

கிரிக்கெட் பார்க்க டி.வி.யைப் போட்டால், "யாரு ஜெயிச்சா உங்களுக்கென்னங்க?" என்று அணைத்தாள். முதுகு அரித்தால் கூடச் சொறிய யோசித்தார். சாயங்காலம் ஜெயராமும் முகாமில் பழகிய இரண்டு பேரும் வந்து எதிரில் உட்காருவார்கள். "எல்லாம் மாயை" என்பார் பொன்ராஜ். "ஆகா" என்பார்கள் மூவரும். இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? அவருக்குச் சொல்ல வந்ததே அந்த ஒரு வாக்கியம்தான்.

பன்னிரண்டாம் நாள் ஜெயராம் ஒரு குண்டைப் போட்டார்.

"சார், எங்காத்துல நேத்து உங்க கடைக்குப் போயிருந்தா. பக்கத்துக் கடைக்காரால்லாம் உங்க மாமிகிட்ட வந்து யோசனை கேக்கறாளாம். 'இருபத்தாறு வருஷமா இந்தம்மாவை எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு'ன்னு எல்லாரும் கேக்கறாளாம்."

பொன்ராஜுக்குக் காது மடல் சுட்டது. பொறாமை என்று நாம் சொல்வோம், அவர் 'உள்ளுணர்வு' என்று பெயர் வைத்தார். அவளை இப்படியே விட்டால் ஆவணியில் நாற்காலி கிடைக்குமா? ராத்திரி முழுக்க யோசித்தார். நாலு பேர் முன்னால் கேட்டால் அவளால் மறுக்க முடியாதே! காலையில் ஜெயராமையும் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, வெள்ளை ஜிப்பாவோடு ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டு, கடைக்குள் நுழைந்தார்.

நாற்காலியில் பங்கஜம் உட்கார்ந்திருந்தாள். ரெக்சினுக்குப் புது உறை. அவர் நுழைந்ததைப் பார்த்தும் சேல்ஸ் கேர்ள் புஷ்பம் எழுந்திருக்கவில்லை, கையில் வேலை. சிந்தாதிரிப்பேட்டைப் பெண், பத்து வருடமாக அவரிடம் திட்டு வாங்கியவள்.

"இன்னாண்ணே, ஒடம்பு நல்லா கீதா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள்.

பொன்ராஜ் தொண்டையைக் கனைத்தார். "பங்கஜம், ஞானம் முத்திட்டா கடமைக்குத் திரும்பணும்னு குருஜி உத்தரவு. கர்மயோகம். அதனால கடைக்குத் திரும்பிட்டேன்."

"நெசமாவா!" பங்கஜத்துக்கு முகமெல்லாம் பல். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஜெயராம் அண்ணே, பாத்தீங்களா எங்க வீட்டுக்காரரை! ஏங்க, ஒண்ணு கேக்கேன். வேலையில ஒசத்தி வேலை, தாழ்ந்த வேலைன்னு உங்களுக்கு உண்டா?"

ஜெயராமும் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என்ன சொல்லிவிட முடியும்?

"ஞானிக்கு ஏது பேதம்?"

"யாரு என்ன பேசினாலும் கோவம்?"

"வராது."

"நான்தான் முதலாளிங்கிற நெனப்பு?"

"நான்-ங்கிறதே இல்லயே."

"அம்மாடி! பத்து நாளா இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள் பங்கஜம். "சேல்ஸ்மேன் ஓடிப்போன நாளிலருந்து பச்சை ரேக்குக்கு ஆள் இல்ல. கோவமே வராத ஆம்பளை தி.நகர் முழுக்கச் சலிச்சாலும் கிடைக்க மாட்டான். புஷ்பம், அண்ணனுக்கு ஏணியை எடுத்துப் போடு."

"ஆகா, என்ன பணிவு!" என்று ஜெயராம் கும்பிட்டார். பொன்ராஜ் நாற்காலியைப் பார்த்தார், ஜெயராமைப் பார்த்தார், ஏணியில் ஏறினார்.

முதலில் வந்தது தாரணி என்கிற பெண். தரமணியில் ஏதோ கம்பெனியில் வேலை, இந்தக் கடைக்கு இதுவரை வந்ததில்லை. கையில் அவளுடைய நிச்சயதார்த்தப் புடவை. நிறம் பச்சை.

"வாழைக்குருத்துப் பச்சை வேணும். ரொம்ப மஞ்சள் அடிக்கக் கூடாது. ரொம்ப பச்சையாவும் இருக்கக் கூடாது."

ஒன்று எடுத்துப் போட்டார். அவள் தெருவெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பின்னாலேயே புடவையைத் தூக்கிக்கொண்டு இவரும் போனார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். திரும்பி வந்தார்கள். அடுத்தது. மறுபடி தெரு. ரங்கநாதன் தெருவே பார்க்க, மிக்சி வாங்கிக்கொண்டு போகிறவனெல்லாம் இடித்துவிட்டுப் போக, வெள்ளை ஜிப்பாவில் ஒரு ஞானி பச்சைத் துணியைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, சிரிச்சிக்கினே காட்டுங்க" என்று கடைக்குள்ளிருந்து புஷ்பம் குரல் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் போயிற்று. ரேக் காலி. மேசைமேல் பச்சைக் குவியல். ஜிப்பா முதுகோடு ஒட்டிப்போயிற்று. கடைசியாக எடுத்ததைத் தாரணி தடவிப் பார்த்துவிட்டு, "மொதல்ல காட்டினீங்களே, அதுவே பரவாயில்ல போலிருக்கு. ஆனா அதுல வேற ஷேடு இருக்கா?" என்று கேட்டாள்.

பொன்ராஜ் ஏணியிலிருந்து இறங்கி நேராகப் பங்கஜத்திடம் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்:

"ஏட்டி, ஞானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அன்னிக்கு சுகர்தான் எறங்கிச்சு. போதுமா? எந்திரி, நாற்காலியை விடு."

"அப்போ கோவம் வருமா?"

"வரும்! பயங்கரமா வரும்!"

"கோவம் வர்ற ஆளை இந்த நாற்காலியில எப்படிங்க உக்கார வைக்கிறது?" என்று அவளும் காதோரமே கேட்டாள், பில்லைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு. "இருக்கிறது புஷ்பம் ஒருத்தி. அவளும் ஓடணுமா? கோவம் வராதுன்னா உங்களுக்கு நாற்காலி தேவையில்ல. கோவம் வரும்னா நாற்காலிக்கு நீங்க தேவையில்ல. எதுன்னாலும் சொல்லுங்க, ஜெயராம் அண்ணன்கிட்டயே சொல்லிருதேன்."

ஜெயராம் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, கர்மயோகத்தைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்ராஜ் நாற்காலியின் கையைப் பிடித்தார், ஜெயராமைப் பார்த்துவிட்டு விட்டார்.

"ஹலோ, அந்த ஷேடு இருக்கா இல்லையா?" என்று தாரணி மேசையைத் தட்டினாள்.

அவ்வளவுதான். பன்னிரண்டு நாளாக அடைத்து வைத்திருந்தது மடை திறந்தது. "இல்லம்மா! இருக்கிற பச்சை எல்லாம் போட்டாச்சு! வாங்கினா வாங்கு, இல்லாட்டி கெளம்பு! யாருகிட்ட ஹலோங்கிற? இது யாரு கடைன்னு தெரியுமா?"

ஸ்டூலிலிருந்து ஜெயராம் எழுந்துவிட்டார். தாரணி முகம் சிவந்து, புடவையைப் பையில் திணித்துக்கொண்டு பங்கஜத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், யாரு இவரு? கஸ்டமர்கிட்ட இப்படியா பேசுறது?"

எல்லாரும் பங்கஜத்தின் வாயைப் பார்த்தார்கள். பொன்ராஜும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தார். இப்போது சொல்லித்தானே ஆக வேண்டும், என் வீட்டுக்காரர், இந்தக் கடை முதலாளி என்று?

பங்கஜம் நாற்காலியில் சாய்ந்தபடியே தாரணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. புது ஆளு. ஆடிக்கு மட்டும் எடுத்திருக்கோம்."