லென்ஸ் அண்ணாச்சிக்குக் கோதுமை ஆகாது

விருதுநகரில் லென்ஸ் அண்ணாச்சி அளவுக்குப் பரோட்டாவை நேசித்த மனிதரும் கிடையாது; பரோட்டாவால் அவர் அளவுக்கு அடிபட்டவரும் கிடையாது.

சிவகாசியில் நான் டிசைனராக இருந்த அச்சகத்தில் அவர் ஆஃப்செட் மெஷின் ஓட்டினார். வெடிப் பெட்டி லேபிளில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சின்ன லென்ஸ் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். பெயர் அதனால் வந்தது. சொந்தப் பெயர் அவருக்கே பாதி மறந்திருந்தது.

இருவருக்கும் வீடு விருதுநகர். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே பரோட்டா கடைதான். எண்ணெயில் பொரிகிற பரோட்டாவை அவர் பார்க்கும் பார்வையை அவர் மனைவி கண்டிருந்தால் குடும்பத்தில் குழப்பம் வந்திருக்கும்.

ஆனால் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு பொருமிக்கொண்டே இருக்கும். ஆணியில் தொங்கும் காலண்டர் தாள் மாதிரி ஆடிக்கொண்டு நடப்பார். சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். கடைசியில் ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ரத்தம் எடுத்தார், குழாய் விட்டுப் பார்த்தார்.

"உங்க குடலுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா எதுவுமே கூடாது. ஆயுசு முழுக்க."

அண்ணாச்சி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பொரிச்சாக் கூடவா சார்?"

அன்றிலிருந்து அந்த லென்ஸ் தின்பண்டப் பாக்கெட்டுகளின் முதுகுப் பக்கம் திரும்பியது. முன்பக்கத்தில் யானை எழுத்தில் ருசி, பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உண்மை. சூப் பொடியில் மைதா. மசாலா சிப்ஸில் கோதுமை. பாலில் கலக்கும் சத்து மாவில் பார்லி. "பார்லி அதோட சித்தப்பா மகன்லே. அவனையும் சேக்கக் கூடாது" என்பார்.

ஒருமுறை என்னோடு கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில், சலவைச் சட்டையோடு ஒரு புதுப் பலசரக்குக் கடைக்குள் நுழைந்து லென்ஸை எடுத்துவிட்டார். கடைக்காரர் பதறி எழுந்தார். சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்.

"சார், அம்புட்டும் புதுச் சரக்கு. வெயில்ல வந்திருக்கீக, கலர் குடிக்கீகளா?"

அண்ணாச்சி கலர் பாட்டிலையும் திருப்பிப் படித்தார். "இதுல ஒண்ணும் இல்ல." கடைக்காரருக்கு மூச்சு வந்தது. "ஆனா அந்த சோயா சாஸ்ல இருக்கு." வந்த மூச்சு திரும்பப் போனது.

"இப்பவே எடுத்துருதேன் சார்!"

"எதுக்கு எடுக்கீக? கோதுமை இருக்குன்னு அவனே போட்டிருக்கான். ரொம்ப நேர்மையானவன்" என்று பாட்டிலைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். கடைக்காரர் வாசல் வரை வந்து எங்களைக் கும்பிட்டார்.

இத்தனை சோதித்தும் வயிறு அடங்கவில்லை. சந்தேகம் வீட்டுக்குள் திரும்பியது. அவர் மனைவி, எனக்கு மதினி, சாம்பாரில் கெட்டிக்காகக் கோதுமை மாவு கரைக்கிறாரோ என்று அண்ணாச்சி கேட்டே விட்டார். மதினி கரண்டியைக் கீழே போட்டார்.

"நான் என்ன ஒங்களுக்கு வெசமா வைக்கேன்?"

பேச்சு வார்த்தை நின்றுபோனது. சமாதானம் பேச நான் போயிருந்தபோது, மதினி அவர் பையிலிருந்த லென்ஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அடுப்படி அலமாரியை அலச ஆரம்பித்தார். உளுந்து, வெந்தயம், மிளகாய்ப் பொடி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியில் ஒரு டப்பாவை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, இத வாசிங்க. எங்கண்ணுதான் ஏமாத்துதா?"

பெருங்காய டப்பா. எழுத்தைக் கூட்டிப் படித்தேன். கோதுமை மாவு.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாம்பார், ரசம், ஊறுகா... தெனமும் எங்கூடவே பந்தியில உக்காந்திருக்கான்லே!"

"அப்ப எம்மேல பழி போட்டது?" என்றார் மதினி.

அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கினார். அதன் பிறகு அந்த வீட்டு ரசத்தில் பெருங்காய வாசம் கிடையாது. ஆனால் அவர் கன்னத்தில் சதை வந்தது.

உடம்பு தேறியது. மனசுதான் தேறவில்லை. சாயங்காலமானால் கால் பழைய திசைக்கே போகும். மாவு பறக்கிற இடத்தைவிட்டுத் தள்ளி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆர்டர் சொல்வார். நான் ஒரு வாய் வைத்ததும் ஆரம்பிக்கும்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணாச்சி."

"நல்லாருக்குன்னா? விருந்தாளி மாதிரி சொல்லாத. ஓரம் எப்படி இருக்கு?"

"மொறுமொறுன்னு இருக்கு. நடுவுல மெத்துன்னு."

"சால்னா?"

"மிளகு கொஞ்சம் தூக்கல்."

கண்ணை மூடிக்கொள்வார். தொண்டை ஏறி இறங்கும். "மெதுவா மெல்லுலே. ஒனக்கு மட்டுமா திங்க?"

இரண்டு பேருக்கும் சேர்த்துத் தின்று என் பேண்ட் எல்லாம் இறுகிப் போனது. பரோட்டா மாஸ்டருக்கோ எரிச்சல். "திங்காத ஆளு எதுக்கு இங்கன இடத்த அடைக்கீக?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அண்ணாச்சி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான்தான் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், கடை லீவு நாளில் எங்களைக் கூப்பிட்டனுப்பினார் மாஸ்டர். கடையைக் கழுவி விட்டிருந்தார். புதுச் சட்டி. பிரிக்காத எண்ணெய் பாக்கெட். வீட்டில் இடித்த அரிசி மாவு. சால்னாவுக்கு வீட்டில் அரைத்த மசாலா.

"எல்லாத்தையும் கண்ணாடி வச்சுப் பாத்துக்கிடுங்க. அப்புறம் அடுப்பப் பத்த வைக்கேன்."

அண்ணாச்சி எண்ணெய் பாக்கெட்டை மட்டும் வெகுநேரம் படித்தார். கண் கலங்கியிருந்ததால் எழுத்து தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. மாஸ்டர் அவசரப்படுத்தவில்லை.

அரிசி மாவு வீச்சுக்கு வரவில்லை. முதல் உருண்டை கிழிந்து பாதி மாஸ்டரின் தோளில் விழுந்தது. இரண்டாவது கையிலேயே உதிர்ந்தது. கடைசியில் வாழையிலையில் வைத்துத் தட்டி எண்ணெயில் போட்டார். வந்து விழுந்தபோது தட்டு டணாரென்றது. அண்ணாச்சி பிய்க்கப் பார்த்தார், முடியவில்லை, ஒடித்தார். சால்னாவில் ஊறவைத்து, ஒரு துண்டு விடாமல் தின்றார்.

"பரோட்டா மாதிரி இருக்கா அண்ணாச்சி?" மாஸ்டரின் குரல் இறங்கியிருந்தது.

"பொய் சொல்ல மாட்டேன் மாஸ்டர். இல்ல." தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னொண்ணு போடுங்க."

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவரும் மதினியும் மகள் இருக்கும் திருப்பூருக்குக் குடிபோனார்கள். பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏலே, கண்டதையும் திங்காத! ஒடம்பப் பாத்துக்கோ. ஒன்ன விட்டா எனக்கு ஊருல யாருலே இருக்கா?"

எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி என்று திருப்பிக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது.